வாசல் நிலையைப் பெயர்க்காதீர்கள்

தர்சி அப்பா,

எழுப்ப மனம் வரவில்லை. எழுப்பினால் நேற்று விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கும். பேராதனைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். புட்டு மூடி வைத்திருக்கிறேன், சம்பல் பக்கத்துக் கோப்பையில்.

கதவு மாட்ட தச்சு பாஸ் இன்றைக்கு வருவார். அதற்குள் அலவாங்கை எடுத்து நிலையைப் பெயர்த்துவிடாதீர்கள். முன்பின் மாற்றி வைத்துவிட்டோம், கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும், தெரியும். சுபநேரம் முடியப்போகிறதென்று "தூக்குங்க, தூக்குங்க" என்று கத்தியது நீங்கள். மஞ்சள் பூசிப் பூக்கட்டிய அவசரத்தில் எந்தப் பக்கமென்று பார்க்காதது நான். பூசை செய்து வைத்ததை இனி அசைக்க எனக்குப் பயம். எழுந்ததிலிருந்து இரண்டு தரம் போய்த் தொட்டுப் பார்த்தேன். நாமே கட்டியதில் அது ஒன்றுதான் நேராக நிற்கிறது.

"யூட்யூப் பாத்து வீடு கட்டினா இப்படித்தான்" என்று உங்கள் அண்ணன் சிரித்ததுதான் உங்களைக் குடைகிறது. எனக்கும்தான்.

பின்கதவுச் சாவி ஜன்னல் விளிம்பில். ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது, சீமெந்து மூட்டைகளை மூடிவிடுங்கள்.

அலவாங்கைத் தேட வேண்டாம். போகிற வழியில் பாப்பம்மா அக்கா வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

பஸ் வரப்போகிறது, ஆனாலும் இதையும் எழுதிவிடுகிறேன். கதவு வெளியே திறந்தால், உங்கள் அண்ணன் வரும்போதெல்லாம் நாம் திறக்கத் திறக்க அவர் பின்னால் போய் நின்று, பிறகுதான் உள்ளே வர வேண்டும். அப்படியே மாட்டச் சொல்லுங்கள்.