உங்கள் இலைக்கு உப்பில்லை

இஞ்சாருங்கோ,

இன்றைக்குக் கிளினிக்கில் என்னுடைய கையிலும் பிரஷர் பட்டியைச் சுற்றினார்கள். அந்த ரப்பர் மணம் மூக்கில் பட்டதும் உங்கள் கைதான் ஞாபகம் வந்தது. பட்டியை இறுக்க முன்னம் டாக்குத்தர் பிள்ளை கேட்டாள்: “அம்மா, இப்ப அரை மணித்தியாலத்துக்குள்ளை கோப்பி குடிச்சனீங்களோ? ஏதும் புகைச்சனீங்களோ?”

“நான் ஏன் பிள்ளை புகைக்கிறன்? அதுக்கும் பிரஷருக்கும் என்ன?”

“சுருட்டோ சிகரெட்டோ ஒண்டு பத்தினா, அதிலை இருக்கிற நிக்கொட்டின் ரத்தக் குழாயளை இறுக்கிப்போடும் அம்மா. நெஞ்சு கெதியா அடிக்கும், பிரஷர் உடனை ஏறும். பிறகு இறங்கும். ஆனா நெடுகப் பத்திக்கொண்டிருந்தா குழாயள் பழுதாப் போகும். எவ்வளவு குளிசை விழுங்கினாலும் பெரிசாப் பிரயோசனம் இராது.”

எனக்குப் பிரஷர் அந்தக் கதிரையிலேயே ஏறியிருக்கும். செத்து இத்தனை வருசத்துக்குப் பிறகும் ஒரு மனிசியின் ரத்தத்தைக் கொதிக்க வைக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

சண்டிலிப்பாயில் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்ற நீங்கள் தலைசுற்றி வாய்க்காலுக்குள் விழுந்தீர்களே, அன்றைக்குத்தான் எல்லாம் தொடங்கியது. உங்களுக்குப் பிரஷர் என்று கண்டு டிஸ்பென்சரி டாக்குத்தர் இரண்டு சொன்னார். சுருட்டை விடவேண்டும், உப்பைக் குறைக்கவேண்டும். சுருட்டு உங்கள் பாடு, உப்பு என் பாடு. அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் வாசலில் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, “இனிச் சுருட்டைத் தொடமாட்டன்” என்று சத்தியம் பண்ணினீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த கையோடு குசினியிலிருந்த உப்புப் பானையைத் தூக்கி வெளியே வைத்தேன். “எறியாதை, பயித்தங்காய் விதை போட்டுவைக்க உதவும்” என்று சொல்லி அதைப் புகையிலையைப் புகைபோட்டு உணர்த்துகிற குடிலுக்கு நீங்கள்தான் கொண்டுபோனீர்கள். புகை பட்டால் எனக்கு மூச்சு முட்டி இழுக்கும் என்பதால் அந்தக் குடில் பக்கமே நான் போவதில்லை. அது உங்களுக்கு நல்ல வசதியாய்ப் போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சோற்றுக்கு உப்பு இல்லை. சொதிக்கு இல்லை, கீரைக்கு இல்லை. மகள் முகத்தைச் சுளித்தால், “அப்பாவுக்காகச் சாப்பிடு” என்று அதட்டுவேன். உங்களுக்கு ஒரு சட்டி, எங்களுக்கு ஒரு சட்டி என்று வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களைத் தனியப் பத்தியம் இருக்கவிட்டு நாங்கள் வாய் ருசியாய்த் தின்பதா?

ஆனால் பிரஷர் இறங்கவில்லை. டிஸ்பென்சரிக்குப் போகிற நாட்களில், “சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக்கொண்டு வாறன்” என்று போவீர்கள். வாயில் கராம்போடு திரும்பி வந்து கையை நீட்டுவீர்கள். டாக்குத்தர் முகம் சுருங்கும்.

“சுருட்டு?”

“விட்டாச்சு ஐயா. பிள்ளையாராணை.”

உடனே அவர் பார்வை என்னிடம் திரும்பும். “அப்ப அம்மா, உப்பைக் கூடப் போடுறியள் போலை.”

நீங்கள் குனிந்துகொண்டு இருப்பீர்கள். எனக்காகக் கவலைப்படுகிறீர்கள் என்று நினைத்தேனே! என்ன விசரி நான்! பல்லுக்குள் வலி என்றீர்கள், கராம்பையும் நம்பினேன். உங்கள் சால்வையில் மணக்காதோ என்று இப்போது யாரும் கேட்கலாம். புகையிலைத் தோட்டக்காரன் வீட்டில் தலையணையும் புகையிலைதான் மணக்கும். அந்த மணத்தை வைத்து நான் யாரைப் பிடிக்கிறது?

பிறகு சண்டையும் பொருட்களுக்குத் தடையும் வந்தன. மருந்து இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, தீப்பெட்டி இல்லை. உங்கள் குளிசைக்காகப் பருத்தித்துறை வரைக்கும் சைக்கிள் உழக்கினேன். வழியில் குண்டு போடுகிற பொம்மர் சுற்றினால் பனைக்குக் கீழே விழுந்து படுப்பேன். அடுப்பு மூட்ட நெருப்புக்குச் சிரட்டையோடு பக்கத்து வீட்டு வேலியில் போய் நிற்பேன்.

கடைசியில் வாதம் அடித்து, வாய் கோணி, ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர்ந்தீர்கள். செத்தவீட்டில் உங்கள் அக்கா, என் மச்சாள், ஊருக்கே கேட்கக் கத்தினா: “உப்பைப் போட்டுப் போட்டெல்லோ என்ரை தம்பியை அனுப்பிப்போட்டாள்!” ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. எட்டாம் நாள் படையலுக்கு மச்சாளே ஒரு சுருட்டைக் கொண்டுவந்து இலையில் வைத்தா. நான் பறித்து முற்றத்தில் எறிந்தேன். “அவர் சத்தியம் பண்ணி விட்ட மனிசன்! செத்த பிறகும் கேவலப்படுத்தாதேங்கோ!” என்று குளறினேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வருசம் ஊரோடு எழும்பி ஓடவேண்டி வந்தது. மச்சாள் படலையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க, மூட்டை கட்டக் கயிறு தேடி நான் குடிலுக்குள் போனேன். கூரை வளையில் என்னுடைய உப்புப் பானை தொங்கியது. இறக்கிப் பார்த்தேன். பாதி பத்தின சுருட்டுகள். ஒரு கடதாசிச் சரை கராம்பு. தீப்பெட்டிகள்! நான் நெருப்புக்கு அலைந்த காலத்தில் என் பானைக்குள்ளேயே தீப்பெட்டிகள்!

பானையோடு வந்து மச்சாளுக்கு முன்னால் நின்றேன். அவ திடுக்கிடவே இல்லை.

“உப்புப் பானையை உவள் இனித் திறக்கமாட்டாள் எண்டு சொல்லிச் சிரிச்சவன்” என்றா.

“அப்ப செத்தவீட்டிலை என்னை ஏன் மச்சாள் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“ஆரையாவது சொல்லத்தானேடி வேணும்.”

ஊரெல்லாம் அறிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. அந்த மச்சாளோடுதான் தென்மராட்சி வரைக்கும் ஒரே சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். அவவும் பிறகு அங்கேயே கண்ணை மூடிவிட்டா. என் மீது விழுந்த பழியைத் திருப்பி எடுக்க இனி ஒருவரும் இல்லை.

நீங்கள் சுருட்டுப் பத்தினது பெரிய குற்றம் இல்லை. “என்னாலை விடேலாமல் கிடக்கப்பா” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உங்களோடு சேர்ந்து அழுதிருப்பேன். பொய்யை வைத்துக்கொண்டு, டாக்குத்தர் என்னைப் பார்க்கிறபோது குனிந்தீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சிரித்தீர்களாமே, அதையும்தான். உங்களைத் தேடாத நாளும் இல்லை. அதுவும் எனக்குக் கோபம்தான்.

கிளினிக்கில் எழும்புகிறபோது டாக்குத்தர் பிள்ளை, “உப்பையும் குறையுங்கோ அம்மா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் போன உப்பு என் நாக்குக்கு இன்னும் திரும்பி வரவில்லை. ஒரு கல்லுக் கூடினாலும் வாய் கரிக்கும்.

நாளைக்கு உங்கள் திவசம். நீங்கள் விரும்பின முருங்கைக்காய், கத்தரிக்காய், பாயாசம் எல்லாம் இருக்கும். சுருட்டு இராது. வந்தவர்களுக்கு ஒரு சட்டி, உங்களுக்கு வேறு சட்டி. ஒவ்வொரு வருசமும் மகள் கேட்கிற கேள்வியை நாளைக்கும் கேட்பாள்: “என்னம்மா, செத்த பிறகும் அப்பாவுக்கு உப்பு இல்லையே?”

“ஓம்” என்பேன். இலையை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து, “சாப்பிடுங்கோ” என்பேன்.