மதில் பக்கம் பட்ட காயம்

இன்று காலை அந்த வில்லாவின் மதிலைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சூடேறிய கல்லில் தண்ணீர் பட்ட வாசனை மூக்கில் ஏற, காரைவிட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால், "எடியே, வெயிலுக்க நிண்டு கறுக்காத, வா" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பாய்.

தோஹாவில் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில் கட்டட வரைபடம் போட்டோம், மதுரைக்காரி நானும் யாழ்ப்பாணத்துக்காரி நீயும். அந்த வில்லாவின் முதலாளி இங்கிலாந்தில் படித்த காலத்தில் பார்த்த பழைய மாளிகையின் போட்டோக்களைக் கொண்டுவந்து, அதே கல்வாசல் தனக்கும் வேண்டும் என்றார். உயரமான இரண்டு தூண்கள், உச்சியில் கல் உருண்டைகள், இரு பக்கமும் நீண்ட மதில். இடது தூணின் வாசல் பக்க மூலையில், குதிரை வண்டிச் சக்கரம் காலங்காலமாக உரசி ஒரு பள்ளம். அதையும் விடாமல் வரைந்தாய். "காயத்தை விட்டிட்டு முகத்தை மட்டும் கீறினா, அது வேற ஆளெல்லே?" என்றாய்; வரைவதை நீ கீறுவது என்றுதான் சொல்வாய்.

தொழிற்பேட்டைப் பட்டறையில் ஒரே அச்சில் இரண்டு தூணையும் வார்த்துவிட்டார்கள். இடது தூணின் பள்ளம் சரியாக வாசலைப் பார்த்தது. வலது தூணிலோ அதே பள்ளம் மதில் பக்கம் போய்விட்டது, வண்டி வர வழியே இல்லாத பக்கம். தூண்கள் மதிலைவிட முன்னால் துருத்தி நின்றதால் ஒளிக்கவும் முடியவில்லை. முதலாளி எதையும் கவனிக்காமல் "கலாஸ், கலாஸ்" என்று, வேலை முடிந்ததென அரபியில் சொல்லி மகிழ்ந்துபோனார். "வெள்ளைக்காரன் மதிலுக்கு மேலாலையும் வண்டி விட்டவன் போல" என்று நீ என் காதில் சொல்ல, குடித்த டீ எனக்குப் புரையேறியது.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோயிற்று. பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்தின் கார்கோ வாசல்வரைதான் என்னால் வர முடிந்தது. உன்னை நினைத்துப் போய் நிற்க இந்த ஊரில் ஓர் இடம் வேண்டாமா? எனக்கு அந்தத் தூண்தான். ரொம்பத் தனியாக இருக்கிறேன்டி.

வில்லா இப்போது வேறொருவர் கைக்கு மாறி, பழுதுபார்க்கும் வேலை நம் அலுவலகத்துக்கே வந்திருக்கிறது. திருநெல்வேலிக்கார ஃபோர்மேன் வலது தூணைத் தடவிப் பார்த்தார்.

"மேடம், இந்தப் பக்கம் எந்த வண்டி வந்து இடிக்கும்? மிஸ்டேக்குல்லா இது! பூசி அடைச்சிருதேன், என்ன?"

"தொடாதீங்க. ஒரிஜினல்லயே அப்படித்தான் இருக்கு" என்றேன், துளியும் கூசாமல்.

"அப்ப சரி மேடம்" என்று கலவைச் சட்டியோடு மதிலின் அடுத்த மூலைக்குப் போனார். நீ சிரிப்பை அடக்குவதைப் பார்க்கத் திரும்பினேன். பழக்கதோஷம்.

பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் விசா இருக்கும்வரை இதை அடைக்க யாரையும் விடமாட்டேன். அதற்குப் பிறகு யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்றுதான் தெரியவில்லை.