மீன்தலைப் பெண்ணின் கூந்தல்

சனிக்கிழமை, இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள்.

இன்று பள்ளியில் கண்காட்சி. பட்டணத்து ஓவியர்களின் விசித்திரமான படங்களுக்கு நடுவே நான் செய்த மீன்தலைப் பெண்ணையும் மாட்டியிருந்தார்கள். அவள் கூந்தல், நைனாவின் வலையில் வெட்டிய துண்டு.

நைனா பார்த்துச் சிரித்தார். "இன்னாடி, மீனுக்குச் சடை வுட்டுகீற?" கூந்தலைத் தொட்டதும் சிரிப்பு நின்றது.

"இது நான் போட்ட முடிச்சாட்டம் கீதே."

"இல்ல நைனா, டீச்சர் குடுத்தது."

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பழையது என்று நினைத்து நான் வெட்டியது நைனா இப்போது போடும் வலை. நாளை விடிந்தால் ஏரியில் எங்கள் பாடு, நாங்கள் வலை போடும் முறை. இந்த முறை தவறினால் அடுத்த முறை வரும்வரை வீட்டில் வருமானம் இல்லை. துண்டோ பள்ளியில் பூட்டிக் கிடக்கிறது.

இதுவரை வெளியே நைனா வலையை உதறிக்கொண்டிருந்தார். இப்போது சத்தமே இல்லை. கதவைத் தட்டுகிறா