நான்கு காலி வரிகள்

அக்கா,

பையனின் பெயரில் ஒரு பிழையைத் திருத்தப் பத்திரம் அடிக்க வேண்டியிருந்தது. பூந்தமல்லி கோர்ட் வாசலுக்குப் போனேன். எல்லா மேசையிலும் கம்ப்யூட்டர். ஒரே ஒரு மேசையில்தான் டைப்ரைட்டர், கார்பன் தாள். அந்த வாசனை பட்டதும் நின்றுவிட்டேன். கோர்ட்டில் டைப் வேலை முடிந்து நீங்கள் எதிர் வீட்டுக்குப் படியேறி வரும்போது உங்கள் சேலையில் வருமே, அதே வாசனை.

எனக்கு முன்னால் நின்றவர் புலம்பிக்கொண்டிருந்தார்: "புதுச் சட்டத்துல தண்டனை ஜாஸ்தியாமே! என் மச்சானுக்கு இன்னா ஆவும்?"

டைப் அடிப்பவர் நிமிரவே இல்லை. "மச்சான் பண்ணது எப்போ? சட்டம் வர்றதுக்கு முன்னாலதானே? அன்னிக்கு இன்னா சட்டமோ அதான்யா. பயப்படாம போ."

அவர் முகம் தெளிந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் குடியிருப்பின் வாட்ச்மேன் முருகேசனுக்காக நீங்கள் கேட்டதும் இதைத்தானே? அந்த மழையில் முத்தாபுதுப்பேட்டையில் அவன் தங்கை வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குழந்தையோடு வந்தவளை மூன்று நாள் வாட்ச்மேன் அறையில் தங்க வைத்தான். "ஊடு பூரா தண்ணிக்கா, வடிஞ்சதும் தங்கச்சி போய்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தான். பாயும் ரசமும் கொடுத்தவள் நான்.

பிரசிடென்ட் சார் வீட்டுக்கு விருந்தாளி வந்த நேரம், மாடிப்படிக் கைப்பிடியில் அந்தக் குழந்தையின் ஈரத் துணி காய்ந்தது. அதில் பிடித்த கோபம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், வெளியாளைத் தங்கவைத்தால் வேலை கிடையாது என்று விதி போட்டு, அதே விதியில் அவனை அனுப்பப் பார்த்தார்கள்.

நீங்கள் எழுந்தீர்கள். "செஞ்ச அன்னிக்கு தப்புன்னு யாரும் சொல்லல. இன்னிக்கு விதி போட்டு எப்படி தண்டிப்பீங்க? பெரிய கேஸ்ல கூண்டுல நிக்கறவனுக்கே இந்த நியாயம் உண்டு. நாளைக்கு தோசை சுடக் கூடாதுன்னு சட்டம் போட்டா, நேத்து சுட்ட தோசைக்கு என்னை புடிச்சிகினு போவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரசிடென்ட் சார் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைத்தார்.

இடையில் ஒருநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். கூட்டத்தில் முடிவானதை எழுதிவைக்கும் சங்கத்தின் மினிட்ஸ் நோட்டு என் பொறுப்பு. விட்டுப்போனதைச் சேர்க்கலாமே என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் கீழே நான்கு வரி காலியாக விடுவது என் வழக்கம். "எட்டாவது படிச்சவங்க எழுதுற நோட்டா இது! ஆபீஸ்ல கூட இவ்ளோ சுத்தம் கிடையாதும்மா" என்றார். பிறகு, மழைக்கு முன்னால் நடந்த போன மாதக் கூட்டத்தின் பக்கத்தில், காலி வரிகளில் விரலை வைத்தார்.

பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் சொன்ன விதியை அங்கே நான் எழுதினேன்.

ஞாயிறன்று நோட்டைப் பிரித்துச் சத்தமாக வாசித்ததும் நான்தான். விதி போன மாதமே இருந்திருக்கிறது என்றார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "உன் நோட்டுல இருக்குதா? அப்போ சரிதான்" என்றீர்கள். பிரசிடென்ட் சாரிடம், "நான் மறந்துட்டேன் போல, மன்னிச்சிக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்தீர்கள். அதற்கு மேல் அவனுக்காகப் பேச ஆளில்லை. மறுநாள் முருகேசன் ஒரு பையோடு கேட்டைத் தாண்டிப் போனான். எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனான்.

அதன் பிறகு இரண்டு வருடம் எதிர் வீட்டில் இருந்தீர்கள். சாம்பார் கிண்ணம் போனது, வந்தது. சொல்ல நினைக்காத வெள்ளிக்கிழமை இல்லை. கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் வாய் வரவில்லை. "எனக்கு ஞாபகம் முன்ன மாதிரி இல்ல, அந்த விதியே மறந்துபோச்சு பாரு" என்று நீங்களே சொன்னீர்கள். நான் தலையாட்டினேன்.

கோர்ட் வாசலில் உட்கார்ந்து எனக்கும் அந்தச் சலுகை உண்டா என்று யோசித்தேன். பின்னால் வந்த சட்டம் ஒருவனைத் தண்டிக்காது. ஆனால் எனக்குத் தண்டனை பின்னால் வந்த எதிலிருந்தும் இல்லை அக்கா. பேனா மூடியைக் கழற்றும்போதே அது தப்பு என்று எனக்குத் தெரியும்.