திரையில் தெரிந்த பத்தொன்பது பேர்

அக்டோபர் 6

பேத்தி டெசா லெக்சிங்டன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் ஆகிவிட்டாள். அவள் தம்பி ஓவனுக்கு மாநில மல்யுத்தத்தில் மூன்றாம் இடம். இரண்டாவதாக வந்தவன் கடித்தான் என்பது என் கட்சி. கொள்ளுப்பேரன் எஸ்ராவுக்கு, ஏழு வயதில், எழுத்துக்கூட்டும் போட்டியில் முதல் பரிசு. எல்லாருக்கும் மேலே எஸ்ராவின் அப்பா, என் மூத்த பேரன் கிளின்ட்: பள்ளிப் பாதுகாப்புக் குழுவின் தலைவர். ஃப்ரிட்ஜ் கதவில் படம் ஒட்ட இடமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் வீட்டில் இவ்வளவு.

அக்டோபர் 9

கிளின்ட் துணித்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். துப்பாக்கியோடு எவனாவது வந்தால் இழுத்துவிட எல்லா வகுப்புக்கும் சுருள் திரை. வெளிர் சாம்பல் நிறம். ஓரத்தில் பள்ளிச் சின்னமான கழுகு. வருகிறவன் எந்தப் பள்ளி என்று குழம்பக் கூடாதில்லையா.

"வெளிச்சம் உள்ள வரும் பாட்டி, புள்ளைங்க முகம் வாடாது. வெளிய இருந்து ஒண்ணும் தெரியாது."

"வெளிய போய்ப் பாத்தியா?"

"விக்கிறவரு சொன்னாரு."

முப்பத்தொரு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் தைத்தவள் நான். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் கத்திரி வைத்ததில்லை. சொன்னேன்.

"இது சட்டை இல்ல பாட்டி, பாதுகாப்பு."

சரி, தலைவரே.

அக்டோபர் 27

திரை மாட்டியாகிவிட்டது.

அக்டோபர் 29

எஸ்ரா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனான். கொண்டுபோனால் கதவு பூட்டு. உள்ளே ஒளிந்துகொள்ளும் ஒத்திகையாம். மேற்குப் பக்கம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவன் வகுப்பு மூலை அறை. கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல், முழங்கால் உயரத்திலிருந்தே கண்ணாடி. விளக்கை அணைத்துவிட்டார்கள். சூரியனை யார் அணைப்பது? காலை வெயில் கிழக்குத் திரையைத் தாண்டி வந்து, இந்தப் பக்கத் திரையில் பிள்ளைகளை வரிசையாக வரைந்து காட்டியது. எண்ணினேன். பத்தொன்பது. கடைசியில், உச்சிமயிர் குத்திட்டு நிற்கிற தலை - என் எஸ்ரா. அசையாமல், சொன்னபடி கேட்டு உட்கார்ந்திருந்தான். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருந்து என்ன?

கையில் இருந்த சான்ட்விச் பை நசுங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் கிளின்ட் ஜன்னல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். சாயங்காலம் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டாயிற்று: "இனி நம் பிள்ளைகளை யாரும் பார்க்க முடியாது." படத்தில் அவன் முழங்கைக்குப் பக்கத்தில் எஸ்ராவின் உச்சிமயிர். நூற்றுப் பன்னிரண்டு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

அக்டோபர் 30

கிளின்டுக்குப் போன் பண்ணி, திரையில் பிள்ளைகள் தெரிகிறதைச் சொன்னேன். "உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனதுல இருந்தே எல்லாம் அதிகமாத் தெரியுது பாட்டி" என்றான். வைத்துவிட்டேன்.

நவம்பர் 3

காலையில் அவனை இழுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் காரை நிறுத்தினேன். டீச்சரிடம் சொல்லித் திரையை இறக்கி, பிள்ளைகளை அதேபோல உட்காரவைத்தாயிற்று.

"எண்ணுடா."

பதினொன்று வரை சத்தமாக எண்ணினான். அப்புறம் விரல் மட்டும் நகர்ந்துகொண்டே போனது.

"அந்தக் கடைசித் தலை யாருது, சொல்லு."

"படம் எடுத்தப்போ ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்னேன் பாட்டி" என்றான்.

தெரியும்டா. சிரிச்சிட்டு நின்னே.

நவம்பர் 4

அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆப்பிள் கேக் அனுப்பினேன். கேக்கில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை, தைரியமாகச் சாப்பிடலாம் என்று சீட்டு எழுதி வைத்தேன்.

டிசம்பர் 8

மூலை அறைகளில் முதலில் திரையை மாற்றிவிட்டார்கள். கறுப்புத் துணி, இரட்டை மடிப்பு. கழுகு இல்லை. துண்டை என்னிடம் கொண்டுவந்து, கிளின்டே சமையலறை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினான். தலையாட்டினேன்.

இன்று ஒத்திகை. காரில் உட்கார்ந்து பார்த்தேன். பத்தொன்பது பேரும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். ஒருவனும் தெரியவில்லை. நல்லதுதான். ஆனாலும் கதவு திறந்து அந்த உச்சிமயிர் வெளியே வரும்வரை வண்டியை எடுக்கவில்லை.

கிளின்டிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்தப் பழைய படம் இன்னும் கிடக்கு. எடுத்துட்டுப் புதுசு போடு. எஸ்ரா தெரியாத படமாப் பாத்துப் போடு. எனக்கும் ஒண்ணு அனுப்பு, ஃப்ரிட்ஜ்ல ஒட்டணும்."