அவிய இல்ல

12 ஜூலை 1999, திங்கள்

எட்டாம் வகுப்புத் தாள்கள் பாதி திருத்தாமல் கிடக்கின்றன. அதற்குள் சங்கரபாண்டியன் அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார். அவர் தலைவராக இருக்கும் மனமகிழ் மன்றத்துக்கு வெள்ளி விழாவாம். ஆகஸ்ட் பதினைந்துக்கு நாடகம். ஒரு பழைய இங்கிலீஷ் காமெடியை நான் தமிழில் எழுதித் தர வேண்டுமாம்.

“எந்த நாடகம் அண்ணாச்சி?”

“நீ நம்ம தம்பி பாலகணேஷுக்கு எப்பவோ சொன்னியாமே, ஒரு நடிகன், ஊர்ப்பட்ட பொம்பளையள அறைக்கு அறை ஒளிச்சு வைப்பானாமே, அதுதான். தம்பி மெட்ராஸ்ல இருந்து வாரான். அவன்தான் ஹீரோ.”

கல்லூரி பஸ்ஸில் சொன்ன கதை. பத்து வருஷம் ஆகிறது. ஞாபகம் வைத்திருக்கிறான். வைத்திருக்கிறார். டிவியில் டாக்டராக நடிக்கிறவரை இனி அவன் இவன் என்று எழுதக் கூடாது.

16 ஜூலை

அம்மா விளாத்திகுளம் வரனைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள். மணிராஜாம். மிளகாய் கமிஷன் கடையாம். ஆவணியில் பெண் பார்க்க வருகிறார்களாம். கல்யாணசுந்தரி என்று பேர் வைத்துவிட்டு முப்பது வயது வரை வீட்டில் வைத்திருக்கிறோமே என்று அழுகை. பேர் வைத்தது நானா?

20 ஜூலை

அவர் வந்துவிட்டார். ஒத்திகை அண்ணாச்சியின் குடோனில். ஊரே வாசலில் நிற்கிறது. முத்துமாரியம்மாள் பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முழங்காலைக் காட்டி, “டாக்டரு தம்பி, குளிர்ந்தா குத்துது” என்றாள். அவரும் குனிந்து அமுக்கிப் பார்த்து, “ஒத்தடம் குடுங்க பெரியம்மா, பனியில நடக்காதீங்க” என்றார். ஆடிக்காற்றில் மண் பறக்கிற ஊரில் பனிக்கு எங்கே போவாள்? பெரியம்மாவுக்கு அப்போதே பாதி குணமாகிவிட்டது.

என்னைப் பார்த்து, “சுந்தரி, நீ அப்படியே இருக்க” என்றார். எப்படியே?

நாடகத்தில் ஹீரோ ஓயாமல் சிகரெட் பிடிப்பார். தீப்பெட்டி குடோனில் தீக்குச்சி கிழிக்க முடியுமா? வெறும் சிகரெட்டை வாயில் வைத்து, வராத புகையை அவர் ஊதுகிறார். நான் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். அவர் மறக்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்புகிறார். நன்றாக மறக்கட்டும் சாமி.

28 ஜூலை

செக்ரட்டரி வேஷத்துக்கு மதுரையிலிருந்து ரேணுகாதேவி வந்திருக்கிறாள். நாடக சபாக்களில் பழகியவள், கெட்டிக்காரி. கதையில் ஹீரோவிடம் மயங்காத ஒரே பெண் அந்தச் செக்ரட்டரிதான். அதை நடிக்க ரேணுகா ரொம்பக் கஷ்டப்படுகிறாள். கண் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

4 ஆகஸ்ட்

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கதவருகே வந்து நின்று, மெதுவாகச் சொன்னார்: “உன் முன்னால மட்டும்தான் சுந்தரி, நான் நடிக்காம இருக்கேன்.”

இரண்டாவது அங்கம், மூன்றாவது காட்சி. நான் எழுதிய வசனம்! ஹீரோ வருகிற பெண்களிடமெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்கிற மாதிரி சொல்லும் வசனம். அதற்குச் சரியான தமிழ் கிடைக்காமல் இரண்டு நாள் முட்டி மோதினவள் நான். தெரியும். எல்லாம் தெரியும். ஆனாலும் கையிலிருந்த தாள் எல்லாம் கீழே விழுந்துவிட்டது.

ஒருவேளை வசனம் வசனமாக இருந்து, மனசும் மனசாக இருந்தால்? இருக்கக் கூடாதா?

5 ஆகஸ்ட்

பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பார்க்கவில்லை.

14 ஆகஸ்ட், சனி

ரேணுகா போய்விட்டாள். சின்ன நடிகையாக நடிக்கும் தூத்துக்குடிப் பெண்ணிடமும் அவர் அதே வசனத்தைச் சொன்னதைக் காதால் கேட்டுவிட்டாளாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “நாடகத்துல நாலு பேர ஒளிச்சு வைக்கட்டும், குடோன்ல எதுக்கு?” என்று சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறிவிட்டாள். ரேணுகாவிடமும் சொல்லியிருக்கிறார் என்றால், என்னோடு மூன்று பேர்.

அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். “ஏட்டி சுந்தரி, உனக்குத்தான் முழுசும் மனப்பாடம். நாளைக்கு நீ நில்லு.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பெண் பார்க்க வருகிற நேரத்தில் மேடை ஏறினால் யார் கட்டுவான் என்கிறாள். எனக்குக் கோபம் வர வேண்டும். ரேணுகாவுக்கு வந்த மாதிரி. வரவில்லை. நாளைக்கு அவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்கலாம் என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. வெட்கங்கெட்டவள்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

என்ன காரியம் பண்ணிட்டேன்.

முதல் அங்கம் நல்லபடியாகப் போனது. இரண்டாவது அங்கத்தில் ஒரு பெண் வந்து கதவைத் தட்டி, “நடிகர் இருக்கிறாரா?” என்று கேட்பாள். “இல்லை, அவர் வெளியே போயிருக்கிறார்” என்று நான் பொய் சொல்ல வேண்டும். எவ்வளவு சின்ன வசனம். நானே எழுதியது.

கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். உள்ளே அவர் இருக்கிறார். வாயிலிருந்து வந்தது இதுதான்: “அவிய இல்ல. வெளிய போயிருக்காவ.”

எங்கள் ஊரில் ‘அவிய’ என்று யாரை வேண்டுமானாலும் மரியாதையாகச் சொல்லலாம். அண்ணாச்சியைச் சொல்லலாம், தாசில்தாரைச் சொல்லலாம். ஆனால் ஒரு வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ‘அவிய இல்ல’ என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷன் பேரைச் சொல்லாத வாய் சொல்கிற சொல் அது.

கொட்டகையில் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், “இவ எப்ப கழுத்த நீட்டுனா?” அவ்வளவுதான். ஊர் முழுக்கச் சிரிக்கிறது. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் திரைக்குப் பின்னாலிருந்து எழுதாத வசனத்தோடு வந்தார், “யாருட்டி அது என்னைய அவியங்கது?” இன்னும் சிரிப்பு. கைதட்டல்.

நாடகம் அமோக வெற்றி. முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “பிச்சு உதறிட்ட சுந்தரி, எப்படித் தோணுச்சு அந்த ஐடியா?” என்றார்.

ஐடியாவாம்.

17 ஆகஸ்ட்

மெட்ராஸ் போய்விட்டார். போன் பண்ணுகிறேன் என்றார். பள்ளிக்கூட நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டு வாங்கிக்கொண்டாரே.

27 ஆகஸ்ட், வெள்ளி

விளாத்திகுளத்திலிருந்து வந்தார்கள். மணிராஜும் அவருடைய அக்கா பொன்மணியும். காபி குடித்ததும், “ரெண்டு வார்த்தை பேசிக்கிடட்டும்” என்று அக்கா எழுந்து அம்மாவோடு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஆள் கறுப்பு. சட்டையில் மிளகாய் நெடி. நான்தான் முதலில் கேட்டேன், “நாடகம் பாத்தீங்களா?”

“பாத்தேன். அண்ணாச்சி கூப்பிட்டிருந்தாவ. எல்லாரும் சிரிச்சாவ. எனக்குச் சிரிப்பு வரல.”

“ஏன்?”

“நீங்க நெசமாத்தானே சொன்னீங்க.”

எத்தனை பேர் உட்கார்ந்திருந்த கொட்டகை. இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படிக் கேட்டது? அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், “நாடகம் முடிஞ்சிட்டா, இன்னும் நடக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரியல” என்றேன்.

“சரி. முடிஞ்சா சொல்லுங்க” என்று கடை நம்பரைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அம்மாவிடம் என்ன சொன்னாரோ, “யோசிச்சுச் சொல்லுதாவளாம்” என்கிறாள். யோசிக்கிறது யார் என்று அவளுக்குத் தெரியாது.

19 செப்டம்பர்

போன் இல்லை.

8 அக்டோபர்

போன் இல்லை. பள்ளிக்கூட ஆபீஸில் போன் மணி அடித்தால் பாடம் நடத்துகிற குரல் எனக்கே கேட்பதில்லை. பிள்ளைகளிடம் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறேன்.

2 நவம்பர்

மழை. கரிசல் செருப்போடு ஒட்டிக்கொண்டு காலை விடமாட்டேன் என்கிறது. எனக்கும் அப்படித்தான் எதையும் விடத் தெரியவில்லை. குடோன் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. சும்மா நின்றேன்.

26 நவம்பர், வெள்ளி

போன் வந்தது!

“சுந்தரி, புது சீரியல். காமெடி. டைரக்டர்கிட்ட உன் வார்த்தையச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. அதையே வச்சிட்டோம். கோவம் இல்லையே?”

இல்லை என்றேன். எப்போது ஊருக்கு வருவீர்கள் என்று கேட்டேன். “ஷூட்டிங் இருக்கே. நீ இல்லேன்னா இந்த சீரியலே இல்ல, தெரியுமா?” வைத்துவிட்டார்.

நான் இல்லையென்றால் சீரியல் இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்தது எனக்குத் தெரியவில்லை.

11 ஜனவரி 2000, செவ்வாய்

சீரியல் செவ்வாய்தோறும் வருகிறது. முதல் செவ்வாயே பார்த்திருந்தால் அவர் மேலிருந்த பித்து அன்றைக்கே விட்டிருக்கும். எங்கள் வீட்டு டிவி ரிப்பேர். இன்றைக்குத்தான் பக்கத்து வீட்டில் பார்த்தேன்.

அவருக்கு மனைவியாக ஒரு குண்டு அம்மாள். கடன்காரன், வீட்டுக்காரன், போலீஸ் யார் வந்தாலும் கதவைத் திறந்து கண்ணை உருட்டி, “அவிய இல்ல” என்கிறாள். உடனே பெரிய சிரிப்புச் சத்தம். யாருடைய சிரிப்பு அது? எங்கேயோ பதிவு பண்ணி வைத்ததைச் சேர்த்துப் போடுகிறார்கள். அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். மறுபடி சிரிப்பு.

என் அடிவயிற்றிலிருந்து வந்த சொல். தெரியாமல் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். வாராவாரம் அதைப் போட்டு உருட்டுகிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உன் டயலாக்குல்லா சுந்தரி, உனக்கும் பேரு வந்துட்டு பாரு” என்றாள். நானும் சிரித்தேன். நன்றாகவே நடித்தேன்.

18 ஜனவரி

வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னாலிருந்து, “அவிய இல்ல.” அவிய டீச்சர் என்று பட்டப்பேர் வந்துவிட்டது. யாரை அடிப்பேன்?

24 ஜனவரி, திங்கள்

பஸ் ஸ்டாண்ட் பூத்திலிருந்து விளாத்திகுளத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் யாரோ மிளகாய் ரகம் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“நான் சுந்தரி. கோவில்பட்டி. நாடகம் முடிஞ்சிட்டு.”

“அப்படியா. சரி” என்றார். பிறகு, “அக்காவக் கூட்டிட்டு வாரேன்” என்றார்.

பூத்தை விட்டு வந்து அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. முடிந்ததற்கும் அழலாம்தானே.

29 மே

விளாத்திகுளம். கல்யாணம் முடிந்து ஒரு வாரம். வீட்டில் நானும் மணிராஜும், அத்தையும். தும்மல் நிற்கவில்லை. மிளகாய் வீடு.

14 ஜூன்

அத்தை கேலி பண்ணுகிறாள். “என்னட்டி இது, புருசன் பேரையும் சொல்ல மாட்டேங்க, அவியன்னும் சொல்ல மாட்டேங்க. ‘இங்க பாருங்க’ன்னுதான் கூப்பிடணுமாக்கும்? உனக்கு அவன் என்ன வழிப்போக்கனா?”

வாய்வரை வருகிறது. அந்தச் சிரிப்புச் சத்தம் கூடவே வருகிறது. அத்தை சொன்னது மணிராஜ் காதிலும் விழுந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் டிவியைப் போடாமல் கடையிலேயே கணக்கு இருக்கிறது என்று உட்கார்ந்துகொள்கிறார்.

20 ஜூலை

ஆடிக்கு அம்மா வீட்டில். பழைய முக்காலியை அண்ணாச்சி குடோனில் பார்த்தேன். நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. இல்லை என்று யாரிடம் பொய் சொல்ல.

விளாத்திகுளம் பஸ் போனால் எட்டிப் பார்க்கிறேன். சும்மாதான்.

12 செப்டம்பர் 2000, செவ்வாய்

காலையில் வெயில், மத்தியானம் மூட்டம். வற்றல் எடுத்து உள்ளே வைத்தேன். உலையில் அரிசி போடப் போனபோது வாசலில் சைக்கிள் மணி. பசுவந்தனையிலிருந்து மிளகாய் போடுகிற ஒரு சம்சாரி, விதை மிளகாய் கேட்டு வந்திருந்தார்.

“மொதலாளி இருக்காவளாம்மா?”

கதவைப் பிடித்துக்கொண்டு, அரிசிக் கையோடு, “அவிய இல்ல. குளத்தூர் போயிருக்காவ, பொழுது அடைய வந்துருவாவ” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சரிம்மா, பெறவு வாரேன்” என்று அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். சிரிக்கவில்லை.