அம்புக்குறி அசைந்த ஞாயிற்றுக்கிழமை

இன்று காலை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது வயர் சுற்றிய அந்தப் பழைய மவுஸ் அகப்பட்டது. அடிமூடியைத் திருகினேன்; ரப்பர் உருண்டை உள்ளங்கையில் விழுந்தது. நீ கண்மூடி மூன்று வருடமாகிறது. ஆனாலும் உன் பெயர்தான் சட்டென்று வாயில் வந்தது.

ஹட்டனில் வாசிகசாலையின் பின்னறையில் நாம் மல்லுக்கட்டிய கணினியோடு வந்த மவுஸ் இது. உள்ளே மென்பொருள் எதுவும் இல்லாமல் யாரோ கொடுத்த வெறும் பெட்டி அது. ஒரு சஞ்சிகையோடு இலவசமாக வந்த, கணினியை இயக்கும் லினக்ஸ் தட்டைப் போட்டு ஒரு வாரமாக ஏற்றினோம். நான் டைப்பிஸ்ட், நீ தோட்டத்து ஆபீசில் டெலிபோன் எடுப்பவள். கணினி இருவருக்குமே புதிது.

வாசிகசாலைச் செயலாளர் கெடு வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பிக்கலைன்னா ரூமைத் தையல் மெஷினுக்குக் குடுத்துருவோம்."

அந்த ஞாயிறும் வந்தது. றொசல்லையிலிருந்து ரயிலேறி வந்த எட்டுப் பெண்கள் வாங்கில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் படங்களும் பெட்டிகளும் அழகாக விரிந்தன. நடுவில் அம்புக்குறி ஆணி அடித்தாற்போல் நின்றது. மவுஸை எப்படி இழுத்தும் அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய். "லைன்ல ஆள் இருக்காங்களான்னு முதல்ல கேப்போம்டி. என்ன பேசுறாங்கன்னு அப்புறம் பாக்கலாம்."

படங்களை மூடிவிட்டுக் கறுப்புத் திரைக்கு வந்தோம். தட்டோடு வந்த கையேட்டைப் பார்த்து, கணினியின் பின்னால் வயர் செருகும் போர்ட்டுகளில் முதலாவதில் வருவதை அப்படியே திரையில் காட்டச் சொன்னோம். மவுஸை ஆட்டினாய். ஒன்றுமில்லை. இரண்டாவது போர்ட்டைக் கேட்டோம். மறுபடி ஆட்டினாய். திரை முழுக்கக் கோணல்மாணலாக எழுத்துகள் கொட்டின.

"பேசுதுடி" என்றாய்.

மவுஸ் விவரம் எழுதியிருக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்து இரண்டாவது போர்ட்டின் பெயரை எழுதினேன். படத்திரை திரும்ப வந்தது. இப்போது அம்புக்குறி பறந்துபோய் மூலையில் ஒட்டிக்கொண்டது. தொடாமலே பெட்டிகள் திறந்து மூடின. பெண்கள் சிரித்தார்கள்.

"மவுஸ் சிங்களத்துல பேசுது, கம்ப்யூட்டர் தமிழ்னு நெனச்சிக் கேக்குது," என்றாய். " என்ன வகை மவுஸ்னு எழுதியிருக்கிற வரியைப் பாரு."

பார்த்தால், கோப்பில் இருந்தது வேறு வகை மவுஸின் பெயர். கையேட்டைப் பார்த்து நம் மவுஸின் வகைக்கு மாற்றினேன். நீ மெல்ல நகர்த்தினாய். அம்புக்குறியும் மெல்ல நகர்ந்தது, உன் கை போன பக்கமெல்லாம். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம், சத்தம் கேட்டுச் செயலாளர் ஓடிவந்து கதவருகில் நின்றது கூடத் தெரியாமல்.

நீ எழுந்து, முன்வரிசைப் பெண்ணை உன் நாற்காலிக்கு அழைத்தாய். "வாங்க, உக்காருங்க. பயப்படாம தொடுங்க, கடிக்காது." அவள் மாறி அடுத்தவள், அடுத்தவள். செயலாளர் போய், எல்லோருக்கும் பிளேன்டீ சொல்லிவிட்டு வந்தார். தையல் மெஷின்கள் வேறு இடம் தேடிக்கொண்டன.

இப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால், கூட இருப்பவர்கள் பின்வாங்குகிறார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு படபடக்கிறது. அது பயமில்லை, லைனில் யார் பேசுகிறார்கள் என்று கேட்க அன்று உன் பக்கத்தில் நின்றபோது வந்த அதே ஆசை. கிட்டப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.